முடக்குவாதத்தில் ஏன் இவ்வளவு களைப்பு?

முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வெறும் மூட்டுவலி என்றே பலரும் நினைக்கிறார்கள். நோயாளிகளைக் கேட்டால் வலிக்கு நிகராகக் களைப்பைச் சொல்வார்கள். அதைச் சோம்பல் என்று பழிப்பது பெரிய அநியாயம். நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டுகளைத் தாக்கும்போது சுரக்கும் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள் எனும் செய்தி மூலக்கூறுகளின் தாக்கம் மூளையையும் எட்டுகிறது. காய்ச்சலில் நம்மைப் படுக்கையில் கிடத்துவதும் இதே வகைச் செய்திதான். காய்ச்சல் சில நாளில் தணியும், முடக்குவாதத்திலோ அழற்சி அடங்கும்வரை அது ஓய்வதில்லை. போதாக்குறைக்கு, இன்டர்லூகின்-6 கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுகிறது. உடலிலுள்ள இரும்பை ரத்தத்துக்கு வரவிடாமல் அது தடுப்பதால் ரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தாலும் களைப்பு தீராததற்குக் காரணம் இவைதான்.

அப்படியானால் வேலையை எப்படிப் பார்ப்பது? களைத்து விழுந்தபின் ஓய்வதைவிட, களைக்கும் முன்பே சிறு சிறு இடைவெளி விடுவதே மேல். விறைப்பு காலையில் கடுமையாக இருப்பதால், நுணுக்கமான கைவேலையைப் பிற்பகலுக்குத் தள்ளலாம். நின்று செய்வதை உட்கார்ந்து செய்யலாம். ஓய்ந்தால் தசை தளராதா என்று கேட்பது நியாயமே. நாள்கணக்கில் படுத்திருந்தால் தளரத்தான் செய்யும்; அளவான உடற்பயிற்சி முடக்குவாதக் களைப்பை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் இதை எல்லா நோய்க்கும் பொதுவாக்கக் கூடாது. தீராத களைப்பையே முக்கிய அறிகுறியாகக் கொண்ட மையால்ஜிக் என்செபலோமையலிட்டிஸ் நோயில் சிறு உழைப்பே மறுநாள் நிலையை மோசமாக்கிவிடும். படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சிச் சிகிச்சையை அந்நோயாளிகளுக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வழிகாட்டுதலையே மாற்றியது.