வாங்கிய நூல் யாருக்குச் சொந்தம்?

பணி ஓய்வுக்குப் பின் என்னிடம் இருந்த நூல்களைப் பங்கிட்டுக் கொடுக்க முற்பட்டேன். பொருளியல் நூல்கள் ஒரு கல்லூரி நூலகத்துக்குச் சென்றன. இலக்கிய நூல்களைச் சாத்தான்குளத்து வீட்டிலிருந்து பேத்தி எடுத்துச் சென்றாள். மின்னூல் கருவியில் இருந்தவற்றையும் அவளுக்கே கொடுக்க எண்ணினேன். 'வாங்குக' என்ற பொத்தானை அழுத்தி, கேட்ட விலையைக் கொடுத்துப் பெற்றவை அவை. ஆனால், அவற்றைப் பிறருக்கு மாற்றித் தரும் உரிமை எனக்கு இல்லை என்று விற்பனை ஒப்பந்தம் கூறியது. ஒப்பந்தங்களைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்திய நான், அதை வாங்கும்போதே படித்திருக்க வேண்டும்.

உடைமை என்பது ஒற்றை உரிமை அன்று. பல உரிமைகளின் தொகுப்பு என்பது பொருளியலின் பாலபாடம். பயன்படுத்தலாம், இரவல் தரலாம், விற்கலாம், கொடையாக அளிக்கலாம், வாரிசுக்கு விட்டுச் செல்லலாம். அச்சு நூலைப் பொருத்தவரை இவை அனைத்தும் வாங்கியவருக்கு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 14-ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே வரையறுக்கிறது. ஒருமுறை விற்கப்பட்ட படி, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படியாகக் கருதப்படும். அதன்பின் அந்தப் படி யார் கைக்குப் போகிறது என்பதில் பதிப்பாளர் தலையிட முடியாது. பழைய புத்தகக் கடைகள் இயங்குவது இந்த விதியின் பலத்தில்தான்.

மின்னூலில் இந்தத் தொகுப்பு பிரிக்கப்படுகிறது. நமக்குக் கிடைப்பது நூல் அன்று; படிப்பதற்கான உரிமம் மட்டுமே. ஏனைய உரிமைகள் விற்பவரிடமே தங்கிவிடுகின்றன. கோப்பைப் பிற கருவிகளுக்கு மாற்ற முடியாதபடி மென்பொருள் பூட்டும் போடப்படுகிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் அத்தகைய பூட்டை உடைப்பவருக்கு ஈராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க, 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு வழிசெய்கிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் ஒரு பதிப்பை, வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்தது. அப்பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்பும் கோரினார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தனது மின்னூல் கடையை மூடியபோதும் பணம் திரும்ப வந்தது; நூல்கள் போய்விட்டன. ஒரு புத்தகக் கடை மூடப்பட்டால், அங்கு நாம் வாங்கிய நூல் நம் அலமாரியிலிருந்து மறைவதில்லை.

இதன் பொருளைத் தாமிரவருணிக் கரையில் வாழ்பவர்கள் எளிதில் உணரலாம். சங்க நூல்களின் ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்தார். எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள ஆழ்வார்திருநகரியில், கவிராயர் குடும்பத்தினரிடம் அவருக்குப் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. 1889-இல் அந்நூல் அச்சேறியது. அந்த ஏடுகள் பாட்டன் சொத்தாகப் பேரனுக்கு வந்தவை. நம்பிக்கையின் பேரில் இரவல் தரப்பட்டவை. அவற்றை வைத்திருக்கவும் கொடுக்கவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. உடையவரின் ஆயுளோடு முடிந்துவிடும் உரிமமாக அவை இருந்திருந்தால், தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

விற்பவர் தரப்பிலும் நியாயம் உண்டு. அச்சு நூல் கைமாறும்போது பழசாகிறது. ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும். மின்கோப்பு தேய்வதில்லை, நொடியில் ஆயிரம் படிகளாகப் பெருகும். மின்னூல்களின் மறுவிற்பனையை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஏற்க மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்தாளருக்கு வருவாய் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வசதி, என் போன்ற முதியவர்களுக்கு வரம். புத்தகக் கடை இல்லாத ஊருக்கும் நூல் நொடியில் வந்து சேர்கிறது.

ஆனால், குறைந்த உரிமைக்குக் குறைந்த விலையும் உண்மையான பெயரும் இருக்க வேண்டும் என்பதே சந்தை நீதி. நம் வரி அமைப்பிலேயே இந்த வேறுபாடு உள்ளது. அச்சு நூலுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. மின்னூலுக்கு உண்டு, அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூல்களுக்கான வரி 2018 ஜூலையில் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரி விதிக்கும்போது சேவை, விற்கும்போது பொருள் என்ற இரட்டைப் பெயரின் சுமை வாசகர் மீதே விழுகிறது.

குறை திரையில் இல்லை; ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. 'நம் நாட்டுக் கப்பற்கலை' எழுதிய எங்கள் ஊர் ஆய்வறிஞர் சாத்தான்குளம் அ. இராகவனின் நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றை எவரும் அச்சிடலாம், மின்வடிவில் பகிரலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைப் பூட்டின்றி இணையத்தில் வழங்கி வருகிறது. அந்தக் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டவரிடமிருந்து எவரும் அதைப் பறிக்க முடியாது. மின்னூலையும் சொந்தமாக வைத்துக்கொள்ள இயலும் என்பதற்கு இவையே சான்று.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பெயரில் நேர்மை. உரிமத்தை மட்டும் தருவோர், அதை வெளிப்படையாகத் தெரிவிக்காமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்னும் சட்டம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இணைய வணிகத்தின் ஏமாற்று உத்திகளுக்கு எதிராக 2023-இல் வழிகாட்டு நெறிகள் வகுத்த நமது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இதையும் சேர்க்கலாம். இரண்டாவது, வாங்கியவர் இறந்தால் நூல்கள் ஒரு வாரிசுக்கேனும் சென்றுசேர ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். இதனால் படிகள் பெருகப்போவதில்லை. எழுத்தாளருக்கு இழப்பும் இல்லை. மூன்றாவது, மக்கள் செலுத்தும் நூலக வரியில் மின்னூல் வாங்கும் பொது நூலகங்கள், காலவரையின்றி வைத்திருக்கும் உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரை நான் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை படித்துவிட்டு விடக்கூடியதை மின்னூலாகப் படிக்கிறேன். பேத்திக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பதைத் தாளில் வாங்குகிறேன்.