கையால் கற்கும் கணக்கு

கணக்கறிவு பள்ளிக்கூடப் பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று. பழனி மலையிலிருந்தும் அடிவாரக் கிராமங்களிலிருந்தும் வத்தலக்குண்டு சந்தைக்கு விளைபொருள் கொண்டுவரும் குடியானவர், எடை, விலை, கமிஷன் ஆகிய மூன்றையும் சரிபார்க்கத் தெரியாவிடில், நிலத்தில் பட்ட பாட்டின் பலனைத் தராசடியில் இழக்க நேரிடும். சங்கத்தில் கடன் பெறும் அங்கத்தினர் வட்டியைத் தாமே கணக்கிட அறியாவிடில், பிறர் சொல்வதையே நம்பியிருக்க வேண்டும்.

வாய்ப்பாட்டைத் தடையின்றி ஒப்பிக்கும் சிறுவனிடம், "14 கிலோ கொண்ட 3 பெட்டி தக்காளி, கிலோ 18 ரூபாய், நூற்றுக்குப் பத்து கமிஷன், கைக்கு வருவது எவ்வளவு?" என்று கேட்டால், பெருக்குவதா வகுப்பதா என்று திகைத்து நிற்பதுண்டு. அவனிடம் குறைவது ஞாபகசக்தியன்று. கேள்வியை ஆராய்ந்து வழி காணும் பழக்கமே. அப்பழக்கம் பொருள்களைக் கையால் எடுத்து, அளந்து, அடுக்கிப் பார்ப்பதனால் உண்டாகும்.

இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகள், நெல்லிலக்கத்தின் வாயிலாக முகத்தலளவையும் கற்றனர். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், நெல், பொன், பழம் ஆகியவற்றைப் பற்றிய கணக்குகளையே கூறுகிறது. 1937-இல் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் மூலம் கணக்கைக் கற்பிக்க முற்பட்டது. திண்டுக்கல் அருகே 1947-இல் தொடங்கப்பெற்ற காந்திகிராமமும் அக்கல்வியை மேற்கொண்டது. 2007-08-இல் தமிழ்நாட்டு அரசினர் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் பரவியது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எனினும், பள்ளியில் தொடங்கியது வீட்டிலும் தொடர்ந்தால்தான் நிலைக்கும்.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள் சில வருமாறு:

1. படியும் ஆழாக்கும். 8 ஆழாக்கு ஒரு படி. ஆகவே ஆழாக்கு அரைக்கால் படி, உழக்கு கால் படி, உரி அரைப் படி. எட்டு நான்கைவிடப் பெரிதாதலால் அரைக்காலும் காலைவிடப் பெரிதென்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. ஒரு படி நீரை முதலில் உழக்காலும், பிறகு ஆழாக்காலும் அளக்கச் செய்க. முன்னது நான்கு முறையில் தீரும். பின்னது எட்டு முறை வேண்டும். பங்கு பெருகப் பெருக ஒவ்வொரு பங்கும் சிறுக்கும் என்பதைப் பிள்ளை கண்ணாலேயே காணும். காலும் அரைக்காலும் சேர்ந்தால் மூன்று ஆழாக்கு என்பதும் விளங்கும்.

2. கயிறும் பாத்தியும். 24 மீட்டர் கயிற்றால் செவ்வக நாற்றங்கால் ஒன்றை வளைக்கச் சொல்லுக. 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமுமானால் பரப்பு 20 சதுர மீட்டர்; 8-க்கு 4 ஆனால் 32; 6-க்கு 6 ஆனால் 36. கயிறு ஒன்றே, வேலிச் செலவும் ஒன்றே; நிலம் மாத்திரம் மிகுகின்றது. தரையில் கட்டம் கீறி எண்ணிப் பார்த்த பிள்ளை இதை மறவாது.

3. புளியங்கொட்டைக் கமிஷன். நூறு கொட்டைகளைப் பத்து வரிசையாக வைத்து, வரிசைக்கு ஒன்றை எடுத்துவிடச் செய்க. நூற்றுக்குப் பத்து என்பது பத்துக்கு ஒன்றே என்பது புலனாகும். மேற்சொன்ன தக்காளி 42 கிலோ. விலை 756 ரூபாய். கமிஷன் 75 ரூபாய் 60 காசு. கைக்கு வருவது 680 ரூபாய் 40 காசு.

4. பலாச்சுளை. காம்பருகிலுள்ள சிறு முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பது கணக்கதிகாரம் கூறும் விதி. 100 முள்ளானால் 120 சுளை. பழத்தை அறுக்குமுன் விடையை எழுதி வைத்து, அறுத்தபின் எண்ணிப் பார்க்கட்டும். வித்தியாசம் எவ்வளவு? அடுத்த பழத்திலும் அவ்வாறேயா? பெரியோர் சொன்ன விதியையும் சோதித்து அறியலாம் என்னும் துணிவு இதனால் பிறக்கும்.

இப்பயிற்சிகளில் ஒரு முறையைக் கைக்கொள்ள வேண்டும். முதலில் பிள்ளை உத்தேசமாக ஒரு விடை கூறட்டும். பின்பு பொருளைக் கொண்டு செய்து பார்க்கட்டும். அதன்பின் படம் வரைந்து, எண்ணால் எழுதட்டும். கொட்டையோடு நின்றுவிட்டால் அது விளையாட்டாகவே முடியும். எழுத்துக்கு வந்து சேர்ந்தால்தான் கல்வியாகும். பெரியவர்கள் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடலாகாது. விடை தவறானால் கடிந்து பேசாமல், "எப்படிக் கண்டாய்?" என்று வினவுதலே தக்கது. கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலிலும், கேள்வியை உணர்தல், வழி வகுத்தல், செய்து முடித்தல், திரும்பிப் பார்த்தல் என நான்கு படிகள் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் கடைசிப் படியே பெரும்பாலும் கைவிடப்படுகிறது.

கூட்டுறவுச் சங்கங்கள் இதற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலை சங்கத்துத் தராசையும் எடைக்கற்களையும் பிள்ளைகள் கையாள இடங்கொடுத்தால் போதும். பெண் குழந்தைகளும் தவறாது கலந்துகொள்ள வேண்டும். அங்கத்தினர் தம் கடன் ரசீதையும் எடைச் சீட்டையும் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம். சீட்டில் பிழை காணும் பிள்ளை அன்றே குடும்பத்துக்கு உதவியதாகும்; நாளை சங்கத்துக் கணக்கையும் அச்சமின்றிக் கேட்டறியும்.