ஸ்நோ போய் கிரீம் வந்தது. கிரீமுக்குள் என்ன வந்தது?

கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை சாலைக் கடைத்தெருவில் ஒரு நடை நடந்தால், வாங்க முடியாத பொருள் இல்லை என்பார்கள். அரிசி, பருப்பு, பித்தளைப் பாத்திரம், ஜவுளி, தோவாளையிலிருந்து வரும் பூ, கல்யாணச் சீர் சாமான், முகத்துக்குப் பூசும் டப்பா என்று எல்லாம் அடுத்தடுத்த கடைகளில் இருக்கும். திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்படுத்திய சந்தை இது. இங்கே பொருள்கள் மட்டுமா கைமாறுகின்றன? சொற்களும் கைமாறுகின்றன. நாஞ்சில் நாட்டுத் தமிழும், திருநெல்வேலித் தமிழும், திருவனந்தபுரத்து மலையாளமும் ஒரே தராசில் ஏறி இறங்குகின்றன. நடுவே ஆங்கிலமும் சில்லறையாகப் புழங்குகிறது.

அப்படி வந்து சேர்ந்த ஆங்கிலச் சொற்களில் 'ஸ்நோ' ஒன்று. இன்றைய இளவட்டங்களிடம் கேட்டால் "காஷ்மீரில் பெய்யும் பனிதானே?" என்பார்கள். அவர்களுடைய பாட்டியிடம் கேட்டால் வேறு பதில் வரும். "ஸ்நோ, பவுடர், சீப்பு, கண்ணாடி" என்று சீர்த்தட்டில் வரிசையாக வைத்த காலத்தை அவர் நினைவுபடுத்துவார். அந்தத் தலைமுறைக்கு ஸ்நோ என்றால் முகத்துக்குப் பூசுவது. வானத்திலிருந்து விழுவது அல்ல.

பனி எப்படி முகப்பூச்சு ஆனது? அந்த முகப்பூச்சு எப்படி 'கிரீம்' ஆனது? இப்போது கிரீம் என்ற ஒரே பெயருக்குள் என்னென்ன புகுந்துகொண்டிருக்கின்றன? இவை வெறும் சொல் ஆராய்ச்சி அல்ல. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது சிறுநீரகம் வரை போக வேண்டியிருக்கும்.

பூசினால் மறையும் பனி

லண்டனில் 1880ஆம் ஆண்டு இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து தொடங்கிய மருந்துக் கம்பெனி பரோஸ் வெல்கம். 'விட்ச் ஹேசல்' என்னும் செடியிலிருந்து வடித்த மருந்து நீருக்கு 'ஹேசலின்' என்று அது பெயரிட்டது. பிறகு 1890களில் 'ஹேசலின் ஸ்நோ' என்ற முகப்பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் அது பரவியது. 1919ல் பம்பாயில் இ.எஸ். பாட்டன்வாலா 'ஆப்கான் ஸ்நோ'வை அறிமுகப்படுத்தினார். வெள்ளைக்காரச் சரக்குக்குப் போட்டியாக நின்ற உள்நாட்டுச் சரக்கு அது. இரண்டும் சேர்ந்து 'ஸ்நோ' என்ற பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இதன் தயாரிப்பில் பெரிய ரகசியம் இல்லை. மெழுகுவர்த்தி செய்யவும் பயன்படும் ஸ்டியரிக் அமிலம், கொஞ்சம் காரம், கிளிசரின், நிறையத் தண்ணீர். அமிலத்தில் ஒரு பகுதி காரத்தோடு சேர்ந்து சோப்பாகும். அந்தச் சோப்பு மீதி அமிலத்தையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைத்திருக்கும். டப்பாவில் முத்துப்போல் மினுமினுக்கும். தேய்த்தால் தண்ணீர் ஆவியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் மட்டும் தோலில் நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'வானிஷிங் கிரீம்' என்று பெயர் வந்ததும் அதனால்தான். வானிஷிங் என்றால் மறைந்துபோவது.

ஆக, 'ஸ்நோ' என்ற பெயர் டப்பாவில் இருக்கும் பண்டத்தின் தோற்றத்தைச் சொன்னது. பனிபோல் வெளுப்பு, பனிபோல் மென்மை, பனிபோல் கரைந்துபோகும் குணம். பூசுகிறவர் முகம் பனிபோல் ஆகும் என்ற பொருள் அதில் இல்லை.

ஆனால் சொல் நம் ஊருக்கு வந்த பிறகு மெல்ல நகர்ந்தது. பனி எப்படி இருக்கும் என்றே பார்த்திராத நாட்டில், ஸ்நோ என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் அழகு என்று ஆயிற்று. டப்பாவிலிருந்த வெண்மை முகத்துக்கான வாக்குறுதியாக மாறிவிட்டது!

இப்படி மாறிய சொல் இது ஒன்றுதானா? ஆங்கிலத்தில் 'பவுடர்' என்றால் எந்தப் பொடியும் பவுடர்தான். நம் வீட்டில் "பவுடர் போட்டுக்கொண்டாயா?" என்று கேட்டால் அது முகப்பவுடர் மட்டுமே. 'வாசலின்' ஒரு கம்பெனி வைத்த பெயர். இன்று வெடித்த உதட்டுக்குப் பூசும் எல்லாமே வாசலின்தான். இந்த மாற்றங்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. அடுத்து வந்த சொல்தான் கெட்டிக்காரச் சொல்.

பாலேடும் பரிசுத்த எண்ணெயும்

'கிரீம்' என்ற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் சுவையானது. பாலேட்டைக் குறித்த பழைய லத்தீன் சொல் ஒன்றும், பூசும் எண்ணெயைக் குறித்த 'கிரிஸ்மா' என்ற கிரேக்கச் சொல்லும் பிரெஞ்சு மொழியில் ஒன்றோடொன்று கலந்து, ஆங்கிலத்துக்குக் 'கிரீம்' ஆக வந்தன. கிறிஸ்தவ ஆலயங்களில் திருமுழுக்கின்போது பூசும் பரிசுத்தத் தைலத்துக்கு இன்றும் அந்தக் கிரேக்கப் பெயர்தான். ஆகவே, கிரீம் என்ற சொல் தோலுக்குப் பூசும் பொருளைக் குறிப்பது புதுமை அல்ல. தாய்வீட்டுக்குத் திரும்பிய கதைதான்.

ரோமாபுரியில் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்ற வைத்தியர், தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் பன்னீரையும் சேர்த்துக் குழைத்த பூச்சுதான் 'கோல்டு கிரீ'முக்கு முன்னோடி என்பார்கள். பூசியதும் நீர் ஆவியாகித் தோல் குளிரும். அதனால் 'கோல்டு'. அந்தப் பெயரும் நேர்மையான பெயரே.

நம் நாட்டில் ஸ்நோவின் செல்வாக்கு குறையக் குறைய, கிரீம் அந்த இடத்துக்கு வந்தது. டாட்டா குழுமம் 1952ல் 'லக்மே'யைத் தொடங்கியது. லட்சுமி என்ற பெயர்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் லக்மே ஆயிற்று. போகப்போக ஸ்நோ கிழவிகளின் சொல்லாகவும், கிரீம் நாகரிகச் சொல்லாகவும் ஆகிவிட்டன.

சிவப்பா, வெளுப்பா?

1975ல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி 'ஃபேர் அண்ட் லவ்லி'யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பி' வைட்டமின் வகையைச் சேர்ந்த நியாசினமைடு என்ற பொருளை வைத்துத் தயாரித்த கிரீம் அது. அதோடு 'ஃபேர்னஸ் கிரீம்' என்ற தனி இனமே உருவாயிற்று.

'ஃபேர்' என்ற சொல்லைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'அழகான' என்று பொருள். பிறகு 'வெளிர்ந்த நிறம்' என்ற பொருளும் சேர்ந்தது. 'நியாயமான' என்ற பொருளும் உண்டு. நம் ஊரில் முதல் பொருளும் மூன்றாவது பொருளும் உதிர்ந்துபோய், நடுவிலிருந்த நிறம் மட்டும் நின்றுவிட்டது. 'மணமகள் தேவை' விளம்பரங்களைப் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சாலைக் கடைகளில் இதில் இன்னொரு வேடிக்கை. தமிழர் "சிவப்பாகணும்" என்று கேட்பார். மலையாளி "வெளுக்கணும்" என்று கேட்பார். தமிழில் நடுத்தர நிறம் 'மாநிறம்', மலையாளத்தில் 'இருநிறம்'. ஒருவர் சிவப்பு என்கிறார், மற்றவர் வெளுப்பு என்கிறார். கடைக்கார அண்ணாச்சி இருவருக்கும் எடுத்துக் கொடுப்பது ஒரே டியூபைத்தான்!

இந்த நிற மோகத்துக்கு எதிர்ப்பும் இங்கிருந்தே எழுந்தது. சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009ல் 'கறுப்பே அழகு' என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014ல் விதிமுறை வகுத்தது. கறுத்த நிறத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகவோ, வேலையும் கல்யாணமும் கிடைக்காமல் வாடுகிறவர்களாகவோ காட்டக்கூடாது என்றது. 2020ல் அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி எழுந்த சமயத்தில், 'ஃபேர்' என்ற சொல்லையே கம்பெனி கைவிட்டது. 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. குளோ என்றால் பொலிவு.

பெயர் மாறியது, கேட்பவர் மனம் மாறியதா? "அந்தச் சிவப்பாகிற கிரீம்" என்று கேட்டால் இன்றும் கடைக்காரருக்குப் புரிகிறது. சொல்லைத் துடைத்துவிட்டாலும் பொருள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலப்புரத்திலிருந்து வந்த எச்சரிக்கை

இனிதான் விஷயமே இருக்கிறது. பெயருள்ள கம்பெனிகள் 'வெளுப்பு' என்ற சொல்லை விட்டு விலகிய அதே காலத்தில், மேல்விலாசம் இல்லாத சரக்குகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. "ஏழே நாளில் பலன்" என்ற பேச்சோடு, எங்கே செய்தது என்று எழுதாத டப்பாக்கள் கடைகளிலும் தபாலிலும் வரத் தொடங்கின.

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒருவகை நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, வழக்கமாக அபூர்வமாகவே தென்படும் ஓர் உட்பிரிவு நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசி வந்தவர்கள்! கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. சர்வதேச மருத்துவ இதழிலும் இந்த ஆய்வு வெளியாயிற்று.

குற்றவாளி யார்? பாதரசம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் நொதியைப் பாதரசம் தடுத்துவிடுகிறது. அதனால் சில நாட்களில் நிறம் வெளிறுவது உண்மைதான். ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேருகிறது. 2023ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டபோதும், அளவுக்கு மீறிய பாதரசம் கலந்த அழகுச் சாதனங்கள் சிக்கின.

பாதரசம் என்றால் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வராமல் போகாது. 2001ல் மூடப்பட்ட அங்குள்ள தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர், 2016ல் உடன்பாடு ஏற்படும் வரை ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அங்கே வேலைக்காகப் பாதரசத்தைத் தொட்டார்கள். இங்கே காசு கொடுத்து வாங்கி முகத்தில் பூசிக்கொள்கிறார்கள்!

கிரீம் என்ற போர்வைக்குள் மறைந்திருக்கும் இன்னொன்று ஸ்டீராய்டு. கரப்பானுக்கு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதிக்கொடுக்கும் மருந்து அது. தொடர்ந்து முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, வெயில் பட்டாலே எரியத் தொடங்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகத் தோன்றுவதால், மறுபடியும் அதையே பூசுவார்கள். மத்திய அரசு 2018ல் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால் "முகத்துக்கு நல்ல கிரீம் ஒண்ணு குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்கும்போது, கேட்பது அழகுச் சாதனமா, மருந்தா என்பது அந்தச் சொல்லிலேயே இல்லையே!

வாங்கும் முன் என்ன பார்ப்பது?

நாள் கூலியில் மிச்சம் பிடித்து, ஊருக்குப் போகும்போது தங்கைக்கும் மனைவிக்கும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நம்மில் அநேகர். அவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

டப்பாவில் தயாரித்தவர் பெயர், விலாசம், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் விலாசமும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் அழகுச் சாதன விதிகளின்படி, முகக் கிரீமில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. சேர்மானப் பட்டியலில் 'மெர்க்குரி', 'கலோமல்' என்ற சொற்கள் இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டியலே இல்லாவிட்டால் கையிலேயே வாங்காதீர்கள்.

ஏற்கெனவே பூசி வருகிறவர்களுக்குக் கால் வீக்கமோ, முகம் ஊதுவதோ, சிறுநீரில் நுரையோ தெரிந்தால், கிரீமை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையைப் போலவே அதுவும் உதவும்.

ஸ்நோ என்ற பழைய சொல் பனியைச் சொல்லிப் பூச்சைக் கொடுத்தது, பூசியதும் மறைந்தது. அதன் இடத்துக்கு வந்த கிரீம் என்ற சொல்லில் மருந்தும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது, வெறும் மெழுகும் இருக்கிறது. சாலையில் வெண்டைக்காய் வாங்கும்போதுகூட நுனியை ஒடித்துப் பார்த்துத்தானே கூடையில் போடுகிறோம்? முகத்தில் பூசும் பொருளையும் அப்படி ஒரு தடவை திருப்பிப் பார்த்து வாங்குவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?