படுவான்கரையில் வயிற்றில் அடிபட்டால்

அறுவடைக் காலத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பழுகாமத்து வயல் வீதிகளில் உழவு இயந்திரங்களும் நெல்மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர்களும் இரவு பகலாக ஓடும். வரம்பில் சில்லு ஏறி லேண்ட்மாஸ்டர் சரிந்தால் அதன் நீண்ட கைபிடி ஓட்டியவரின் விலாவுக்குக் கீழே குத்தும். விழுந்தவர் பெரும்பாலும் தானே எழும்பி நிற்பார். தோலில் ஒரு சிராய்ப்பும் கொஞ்சம் கண்டலும் மட்டும் தெரியும். பக்கத்தில் நின்றவர்கள் சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பின்னேரம் இடது தோள் உளைகிறது என்பார். தைலம் பூசிவிடுவார்கள்.

அந்த உளைவு தோளில் பட்ட அடியால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். இடது விலா எலும்புகளுக்குள்ளே இருக்கும் மண்ணீரல் கிழிந்தால் கசியும் இரத்தம் உதரவிதானத்தின் அடியில் தேங்கும். உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்தில் ஒரே மட்டத்திலிருந்து வருவதால், உள்ளே நடப்பதை மூளை தோளில் நடப்பதாக உணர்கிறது. வயிற்றில் அடிபட்ட ஒருவர் சில மணித்தியாலம் கழித்துத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தைலப் போத்தலைத் தேடாமல் வாகனத்தைத் தேட வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. அதில் 2 லீற்றர் வயிற்றுக்குள் கொட்டினாலும் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, வயிறு பெரிதாக வீங்காமலும் இருக்கலாம். இளவயதினரின் உடல் நாடித்துடிப்பைக் கூட்டி, கைகால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும். பிறகு திடீரென்று விழும். கை கால் குளிர்ந்து, முகம் வெளிறி, வியர்த்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கத் தொடங்கினால் நேரம் ஏற்கெனவே கடந்துகொண்டிருக்கிறது. அப்போதும் குடிக்கக் கொடுக்கக்கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம்.

படுவான்கரைக்கு இந்தக் காயங்கள் புதியவை அல்ல. போரதீவுப்பற்றின் எல்லைக் கிராமங்களில் யானை தாக்குகிறது, பட்டி மாடு குத்துகிறது, தென்னையிலிருந்து விழுகிறார்கள். இப்போது எல்லாவற்றையும்விட மோட்டார் சைக்கிள். ஹேண்டில் நுனி வயிற்றில் குத்தியவர்களுக்கு மண்ணீரலோ ஈரலோ மட்டும் கிழிவதில்லை. சிறுகுடலில் சிறு ஓட்டை விழுந்து, ஒரு நாள் கழித்தே காய்ச்சலும் வயிறு பலகைபோல் இறுகுவதுமாக வெளிப்படும். அதற்குள் குடலில் உள்ளது வயிறெங்கும் பரவியிருக்கும்.

வைத்தியசாலைக்குப் போனதும் வைத்தியர்கள் முதலில் தேடுவது உள்ளே இரத்தம் இருக்கிறதா என்பதையே. வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில், மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி என்று நான்கு இடங்களைப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். இரத்தம் தெரிந்தாலும் எல்லோரையும் வெட்டுவதில்லை. “ஸ்கேனில் கிழிவு தெரியுது, ஏன் டொக்டர் ஒப்பரேஷன் செய்யல்ல?” என்று உறவினர்கள் கோபப்படுவதுண்டு. நாடியும் அழுத்தமும் சீராக இருந்தால் மண்ணீரல், ஈரல் காயங்களில் பெரும்பாலானவை தாமாகவே ஆறும். அப்படி விட்டுவைப்பது அலட்சியம் அல்ல. ஆனால் அழுத்தம் விழுந்த நொடியில் தியேட்டருக்குள் கொண்டுபோக வசதி இருக்கும் இடத்தில் மட்டுமே அப்படிக் காத்திருக்கலாம்.

அழுத்தம் விழுந்துகொண்டே போகிறவருக்கு வேறு வழியில்லை. நெஞ்செலும்பின் அடியிலிருந்து தொப்புளைத் தாண்டி அடிவயிறுவரை ஒரே நீளமான வெட்டு. லப்பரோட்டமி என்று சொல்வது இதைத்தான். வயிற்றைத் திறந்ததும், தேங்கிய இரத்தம் அதுவரை அடைப்பாக நின்று கொடுத்த அழுத்தம் போய்விடுவதால், இரத்தம் மீண்டும் பீறிடும். மயக்க மருந்து வைத்தியருக்கு மிகவும் பயமான நொடி அது. அந்த நேரத்தில் கையில் இரத்தப் பைகள் இருக்க வேண்டும். சத்திரசிகிச்சை வைத்தியர் முதலில் எதையும் தைப்பதில்லை. பெரிய துணி மடிப்புகளை வயிற்றின் நான்கு மூலைகளிலும் திணித்து அழுத்துகிறார். எத்தனை துணி உள்ளே போனது என்று தாதி எண்ணி எழுதுகிறார். பிறகு ஒவ்வொரு மூலையாகத் துணியை எடுத்து, எங்கிருந்து இரத்தம் வருகிறதென்று பார்க்கிறார்கள். சிதைந்த மண்ணீரலை எடுத்துவிடலாம். ஈரலை எடுக்க முடியாது, அதைத் துணியால் இறுக்கிப் பொதிந்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் உள்ளே உள்ள அத்தனையையும் ஒரே மேசையில் சீராக்கி முடிப்பதே திறமை என்று கருதப்பட்டது. பல மணித்தியால வேலை. தையல் அழகாக முடியும், நோயாளி இறந்துவிடுவார். அதிக இரத்தம் இழந்தவரின் உடல் குளிர்கிறது, இரத்தத்தில் அமிலம் கூடுகிறது, உறையும் தன்மை போகிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும். 1993இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரொட்டோன்டோவும் ஷ்வாபும் அவர்களுடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை இந்தப் போக்கை மாற்றியது. இரத்தத்தை நிறுத்து, ஓட்டையை அடை, வயிற்றைத் தைக்காமல் தற்காலிகமாக மூடு, தீவிர சிகிச்சைப் பிரிவில் உடலைச் சூடாக்கி இரத்தம் ஏற்று, ஓரிரு நாளில் திரும்பக் கொண்டுவந்து மிச்சத்தைச் செய். மிக மோசமான காயங்களுக்கு இன்று உலகெங்கும் உள்ள முறை இதுவே.

தைக்காத வயிற்றை எதனால் மூடுவது? 1984இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒஸ்வால்டோ பொர்ராயெஸ் என்ற இளம் வைத்தியர் சேலைன் பிளாஸ்டிக் பையை வெட்டி விரித்து வயிற்றின் ஓரத்தோலோடு தைத்துவிட்டார். விலை ஒன்றுமில்லை, உள்ளே குடல் எப்படி இருக்கிறதென்று வெளியிலிருந்தே பார்க்கலாம். உலகம் அதை இன்றும் பொகோட்டா பை என்றே அழைக்கிறது. வசதி குறைந்த ஒரு வைத்தியசாலையில் பிறந்து பணக்கார நாடுகளின் தியேட்டர்களுக்குப் போன இந்தப் பையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வருகிறது. இங்கே நேரும் சாவுகளுக்கு விலை உயர்ந்த கருவி இல்லாதது முதற்காரணம் அல்ல. முதற்காரணம் தாமதம்.

இதைப் போர்களே கற்றுத் தந்தன. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போவர் போரில், வயிற்றில் சூடுபட்ட வீரர்களைத் தொடாமல் விடுவதே நல்லது என்று பிரித்தானிய வைத்தியர்கள் முடிவுசெய்தார்கள். மாட்டு வண்டியில் நெடுந்தூரம் குலுங்கி வந்தவர்களை வெட்டியபோது பெரும்பாலானோர் இறந்தார்கள், அதனால் வந்த முடிவு. சில ஆண்டுகளில், 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில், வேரா கெத்ரோயிட்ஸ் என்ற ரஷ்யப் பெண் சத்திரசிகிச்சை வைத்தியர் ரயில் பெட்டியைத் தியேட்டராக மாற்றிப் போர்முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காயப்பட்ட சில மணித்தியாலங்களுக்குள் வந்தவர்களின் வயிற்றைத் திறந்து பலரைப் பிழைக்க வைத்தார்.

பென்சில்வேனியா மாநிலப் பதிவேடுகளை வைத்து 2002இல் வெளியான ஆய்வொன்று இந்தத் தாமதத்தின் விலைக்கு எண் கொடுத்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து அழுத்தம் விழுந்தவர் அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கும் ஒவ்வொரு 3 நிமிடத்துக்கும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது.

இதைப் பழுகாமத்து வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பழுகாமத்திலும் மண்டூரிலும் உள்ள சிறிய வைத்தியசாலைகளில் சேலைன் ஏற்றலாம், ஒட்சிசன் கொடுக்கலாம். வயிற்றைத் திறக்க முடியாது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு இன்னும் சுமார் 30 கிலோமீற்றர். பழுகாமத்தவருக்குப் பாலம் பக்கம். தும்பங்கேணி, விவேகானந்தபுரம், காக்காச்சிவட்டைப் பக்கத்தவர்களுக்கு அதே பாலம் தூரம். மாரியில் வெள்ளாவெளி வீதிகளில் தண்ணீர் ஏறினால் கணக்கே மாறிவிடும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நின்றார்கள். குருமண்வெளித் துறையில் பாதை இன்னும் ஓடுகிறது. போர்க்காலத்தில் வாவியைக் கடப்பதற்கு முன் சோதனைச் சாவடியையும் கடக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் வயிற்றுக் காயத்தோடு துறையில் காத்திருந்து போனவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

உலகத்தின் நிலையும் இதே திசையில்தான் இருக்கிறது. 2015இல் லான்செட் ஆணைக்குழு, உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியான சத்திரசிகிச்சை எட்டவில்லை என்றது. ஒரு நாட்டின் சத்திரசிகிச்சைத் தரத்தை அளக்க அது மூன்றைத் தேர்ந்தது: சிசேரியன், திறந்த எலும்பு முறிவுச் சிகிச்சை, லப்பரோட்டமி. இவை இரண்டு மணித்தியாலத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. 2016இல் 58 நாடுகளின் 357 வைத்தியசாலைகளில் அவசர வயிற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற 10,745 பேரை ஆராய்ந்த அறிக்கையொன்று வந்தது. காயம் மட்டுமன்றி எல்லாவகை அவசரங்களும் அதில் அடங்கும். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் வளர்ந்த நாடுகளில் 4.5 சதவீதம், மிகப் பின்தங்கிய நாடுகளில் 8.6 சதவீதம். நோயாளிகளின் நிலையைச் சமப்படுத்திப் பார்த்தபோது வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இலங்கை அந்தக் கடைசி வரிசையில் இல்லை. வயிற்றைத் திறந்ததற்காக இங்கே யாரும் காணி விற்பதில்லை. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் பிறகு நாடெங்கும் வந்துவிட்டது. 1990ஐ அழைத்தால் பணம் இல்லாமல் வரும். மலிவான மருந்தும் உண்டு. 40 நாடுகளில் 20,211 காயப்பட்டோரிடம் நடந்து 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில், ட்ரனெக்ஸாமிக் அமிலம் என்ற பழைய ஊசிமருந்து இரத்தப்போக்குச் சாவுகளைக் குறைத்தது. மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மட்டுமே பயன், அதற்குப் பிறகு தீங்கு. மீண்டும் நேரம்தான்.

ஆகவே படுவான்கரைக்கு நாம் கேட்க வேண்டியது மட்டக்களப்பில் இன்னொரு மாடிக் கட்டடம் அல்ல. ஆதார வைத்தியசாலையில் இரவு இரண்டு மணிக்கும் சத்திரசிகிச்சை நிபுணரும், மயக்க மருந்து நிபுணரும், இரத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தியேட்டர் வெறும் அறைதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது இதை உரக்கக் கேட்கவேண்டிய கடமை நமக்கிருக்கிறது.

வாசகர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. மாடு குத்திக் குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள வேண்டாம், சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள். குத்தி நிற்கும் கத்தியையோ கம்பையோ பிடுங்க வேண்டாம். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், நியூமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது காயப்பட்டவர்கள் போதனா வைத்தியசாலைக்கு வந்து குவிந்தார்கள். அன்று நாடெங்கும் இரத்தம் கொடுக்க மக்கள் திரண்டார்கள். ஆனால் அன்று கொடுத்த இரத்தம் எச்.ஐ.வி, ஈரல் அழற்சிச் சோதனைகள் முடிந்த பிறகே பையாகும். முதல் மணித்தியாலத்தில் தியேட்டருக்குப் போவது, அதற்கு முந்தைய நாட்களில் யாரோ கொடுத்து வைத்த இரத்தம். 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, சுகதேகியான எவரும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கோயில் திருவிழாவையொட்டியோ பாடசாலை மண்டபத்திலோ அடுத்த முகாம் நடக்கும்போது உங்கள் வீட்டிலிருந்து ஒருவராவது போங்கள்.