உயர் கொள்ளளவுச் சரக்குந்து

உயர் கொள்ளளவுச் சரக்குந்து என்பது, ஒரு நாட்டின் சாலைகளில் பொதுவாக அனுமதிக்கப்படும் நீளத்தையோ மொத்த எடையையோ விஞ்சிய, தனி அனுமதியின் பேரிலோ குறிப்பிட்ட சாலைகளில் மட்டுமோ ஓடுகின்ற சரக்கு ஊர்தி ஆகும். ஒரே இழுவை உந்து இரண்டு அல்லது மூன்று டிரெய்லர்களை இழுத்துச் செல்வது இதன் வழக்கமான அமைப்பு. ஆஸ்திரேலியாவில் ரோடு டிரெயின் எனப்படும் சாலைத் தொடர்வண்டிகள் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. மூன்று டிரெய்லர் கொண்ட ஒன்று 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கலாம். சுவீடன், பின்லாந்து, கனடா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் இவை பயன்பாட்டில் உள்ளன.

பின்னணி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு நெறிமுறை, நாடுகளுக்கிடையே ஓடும் சரக்குந்துகளுக்குப் பொதுவாக 18.75 மீட்டர் நீளம், 40 டன் எடை என வரம்பு விதித்தது. 1995இல் ஒன்றியத்தில் சேர்ந்த சுவீடனும் பின்லாந்தும் அதற்கு முன்பே இந்த வரம்பை விட நீளமான, 60 டன் எடை வண்டிகளை ஓட்டி வந்தன. காடுகளிலிருந்து மரத்தைத் தொலைவிலுள்ள ஆலைகளுக்குக் கொண்டு செல்லும் இந்நாடுகளுக்கு அந்த அளவைக் குறைப்பது இயலாததாக இருந்தது. வழக்கிலிருந்த 7.82 மீட்டர் சரக்குப் பெட்டியையும் 13.6 மீட்டர் டிரெய்லரையும் ஒன்றாக இணைத்து ஓட்டலாம் என்பதே எட்டப்பட்ட உடன்பாடு. 25.25 மீட்டர் என்ற சற்று விந்தையான அளவு இவ்வாறே பிறந்தது.

சுவீடனின் மரவண்டி

சுவீடனின் வனத்துறை ஆய்வு நிறுவனமான ஸ்கூக்போர்ஸ்க், 2009இல் நாட்டின் வடபகுதியில் ஒரு சோதனையைத் தொடங்கியது. அதன் சுவீடியப் பெயருக்கு 'இன்னும் ஓர் அடுக்கு' என்று பொருள். வழக்கமான வண்டி மூன்று அடுக்கு மரங்களை ஏற்றும். சோதனை வண்டி நான்கு அடுக்குகளை ஏற்றியது. 30 மீட்டர் நீளமும் 90 டன் மொத்த எடையும் 11 அச்சுகளும் கொண்ட இவ்வண்டி ஓவர்காலிக்ஸ் பகுதியிலிருந்து பீத்தியோ நகருக்கு மரம் ஏற்றிச் சென்றது. ஒரு டன் மரத்தைக் கொண்டு செல்ல ஆன எரிபொருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இந்தச் சேமிப்புக்குக் காரணம் எளியது. காற்றின் தடை பெரும்பாலும் வண்டியின் முகப்புப் பரப்பைப் பொறுத்தது. நீளத்தைக் கூட்டினாலும் முகப்பு பெரிதாவதில்லை. இயந்திரம், ஓட்டுநர் அறை போன்றவற்றின் எடையும் சரக்கின் அளவோடு சேர்ந்து வளர்வதில்லை. சில்லுகளின் உருளல் தடை மட்டுமே எடைக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே சரக்கு கூடும் அளவுக்கு எரிபொருள் கூடுவதில்லை. வண்டி நிறையாமல் ஓடினால் இக்கணக்கு தலைகீழாகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

சாலையும் பாலமும்

பெரிய வண்டி சாலையைக் கூடுதலாகச் சிதைக்கும் என்பது பரவலான எண்ணம். இது முழுவதும் சரியன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து நான்காம் அடுக்கு விதி என்ற தோராய விதி கிடைத்தது. ஓர் அச்சு சாலைக்கு ஏற்படுத்தும் தேய்மானம், அந்த அச்சின் மீதுள்ள சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. அச்சின் சுமை இரு மடங்கானால் தேய்மானம் 16 மடங்காகும்.

இதனை மேற்கண்ட மரவண்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 7 அச்சுகள் கொண்ட 60 டன் வண்டியில் ஓர் அச்சுக்குச் சராசரியாக 8.6 டன் விழுகிறது. 11 அச்சுகள் கொண்ட 90 டன் வண்டியில் 8.2 டன்னே விழுகிறது. அதாவது பெரிய வண்டியின் ஒவ்வோர் அச்சும் சாலையை மென்மையாகவே மிதிக்கிறது.

பாலங்களின் நிலை வேறு. பாலத்தின் ஒரு கண்ணைத் தாங்கும் உத்தரத்துக்கு, ஒரே நேரத்தில் அதன் மேல் நிற்கும் மொத்தச் சுமையே முதன்மையானது. அச்சுகளைக் கூட்டினால் மட்டும் அது தீர்வதில்லை. பின்லாந்து 2013இல் எடை வரம்பை 60 டன்னிலிருந்து 76 டன்னாக உயர்த்தியபோது, 76 டன் வண்டிக்கு 9 அச்சுகள் வேண்டும் என்று விதித்தது. அப்படியிருந்தும் பல பாலங்களில் எடைக் கட்டுப்பாட்டுப் பலகைகளை நட வேண்டியதாயிற்று.

கடைசி டிரெய்லரின் வீச்சு

பாதுகாப்பைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது கடைசி டிரெய்லர் ஆகும். ஓட்டுநர் திடீரெனத் தடம் மாறினால், முன்வண்டியின் சிறிய பக்க அசைவு ஒவ்வொரு மூட்டிலும் பெருகி, சாட்டையின் நுனி போலக் கடைசி டிரெய்லரைப் பெரிதாக வீசுகிறது. இது பின்னோக்கிய பெருக்கம் எனப்படும். முன்னால் இருப்பவர் உணர்வதற்குள் பின்வண்டி கவிழ்ந்துவிடலாம்.

இப்பெருக்கம் மூட்டின் வகையைப் பொறுத்தது. இழுகோல் கொண்டு இணைத்தால் இரு டிரெய்லர்களுக்கு இடையே இரண்டு மூட்டுகள் அமைகின்றன, வீச்சு மிகுதி. முதல் டிரெய்லரின் பின்புறத்திலேயே தாங்குதட்டு அமைத்து இரண்டாவதை அதன்மேல் பூட்டும் பி-டபுள் முறையில் மூட்டு ஒன்றே. ஒன்று சாயத் தொடங்கினால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் குறுகிய தெருமுனையில் பி-டபுள் உட்புறமாகக் கூடுதல் இடத்தை வெட்டிச் செல்லும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டியுள்ளது.

ஆஸ்திரேலியா இதற்குச் செயல்திறன் அடிப்படையிலான தரங்களை வகுத்தது. 2007இல் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தில், வண்டி எவ்வளவு நீளம் என்பதை விட அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே முதற்கேள்வி. பாதுகாப்புக்கு 16 அளவுகோல்களும் சாலை, பாலங்களுக்கு 4 அளவுகோல்களும் உள்ளன. புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.35 பங்கு பக்கவாட்டு முடுக்கத்தைக் கவிழாமல் தாங்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சாய்மேடையில் நிறுத்தினால் இது ஏறத்தாழ 19 பாகைச் சாய்வுக்கு இணையானது. பன்னாட்டுப் போக்குவரத்து மன்றம் 2011இல் வெளியிட்ட அறிக்கை 39 வகை வண்டிகளைக் கணினி மாதிரிகளால் ஒப்பிட்டு, பெரிய வண்டிகள் பல அன்றாடச் சரக்குந்துகளுக்கு இணையாகவோ மேலாகவோ செயல்படுவதைக் கண்டது. அன்றாட வண்டிகளை இவ்வளவு நுணுக்கமாக எவரும் சோதிப்பதில்லை என்பது இதிலுள்ள முரண்.

முந்திச் செல்லுதல்

எந்த மூட்டாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. இருவழிச் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் சரக்குந்தை 100 கி.மீ. வேகத்தில் ஒரு மகிழுந்து முந்துகிறது எனக் கொள்வோம். சரக்குந்து 24 மீட்டருக்குப் பதில் 30 மீட்டராக இருந்தால், முந்துவதற்குக் கூடுதலாக ஒரு நொடியே தேவை. ஆனால் எதிரே ஒரு வண்டி 100 கி.மீ. வேகத்தில் வருமாயின், அந்த ஒரு நொடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வெற்றுச் சாலை கூடுதலாக வேண்டும். இதே வேகங்களில், 19 மீட்டர் வண்டிக்குப் பதில் 53.5 மீட்டர் தொடர்வண்டியை முந்த 345 மீட்டர் கூடுதலாகத் தேவைப்படும். வண்டிகளின் எண்ணிக்கை குறைவதால் முந்தும் தேவையும் குறையும் என்பது ஆதரவாளர்களின் மறுமொழி. அது உண்மையே எனினும், எதிரே வண்டி வரும்போது முந்திக்கொண்டிருப்பவருக்கு அதனால் பயனில்லை.

இன்றைய வரம்புகள்

சுவீடன் 2018 முதல் குறிப்பிட்ட சாலைகளில் 74 டன் எடையையும் 2023 முதல் 34.5 மீட்டர் நீளத்தையும் அனுமதிக்கிறது. பின்லாந்தில் 34.5 மீட்டர் 2019லேயே வந்துவிட்டது. செருமனி வேறு வழியில் சென்றது. அங்கு 2012 முதல் ஐந்தாண்டுகள் நடந்த கள ஆய்வில் 25.25 மீட்டர் வண்டிகள் ஓடின. எடை வரம்போ 40 டன்னாகவும், தொடர்வண்டியோடு இணைந்த போக்குவரத்துக்கு 44 டன்னாகவுமே இருந்தது. பாலங்களைப் பற்றிய கவலையும், சரக்கு இருப்புப்பாதையை விட்டுச் சாலைக்கு இறங்கிவிடும் என்ற எதிர்ப்பும் அந்நாட்டு விவாதத்தில் மிகுந்திருந்தன. இடத்தை அடைக்கும், ஆனால் எடை குறைந்த பொதிகளுக்கே செருமனியின் நீள் சரக்குந்து ஏற்றது. மரமோ தாதுவோ அதில் ஏற்றினால், பாதி நிறைவதற்குள் எடை வரம்பு எட்டிவிடும்.