அமெச்சூர் வானொலியும் வீட்டு மின்னணுக் கருவிகளும்: இடையூறும் தீர்வும்

அமெச்சூர் வானொலி இடையூறு என்பது, உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் (ஹாம்) ஒருவர் அலைபரப்பும்போது அக்கம்பக்க வீடுகளின் தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, தொலைபேசி, அழைப்பு மணி முதலிய கருவிகள் தடுமாறுவதைக் குறிக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டுக் கருவிகள் எழுப்பும் மின்னிரைச்சல் வானொலியாளரின் ஏற்பியைச் செவிடாக்கிவிடலாம். சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், ஏற்காட்டை ஒட்டிய மஞ்சக்குட்டை போன்ற ஊர்களின் நில அமைப்பு இவ்விரண்டையும் சமவெளியில் காண்பதிலிருந்து சற்று மாற்றிக் காட்டக்கூடியது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் இத்துறை 1978 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்தி (அமெச்சூர் சேவை) விதிகளின் கீழ் நெறிப்படுத்தப்பட்டு வந்துள்ளது. தேர்வெழுதித் தேறியவர்களுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு உரிமம் வழங்குகிறது. இந்திய நிலையங்களின் அழைப்புக் குறிகள் பெரும்பாலும் வியு2, வியு3 எனத் தொடங்கும். கட்டுப்படுத்தப்பட்ட வகுப்பினர் 50 வாட்டு வரையிலும், பொது வகுப்பினர் சிற்றலையில் 400 வாட்டு வரையிலும் பயன்படுத்தலாம். நிலையத்தின் ஒவ்வொரு அலைபரப்பையும் பதிவேட்டில் குறித்துவைப்பது உரிமதாரரின் கடமை. இடையூறுப் புகார் வரும்போது இந்தப் பதிவேடுதான் முதல் சாட்சி.

புகார் வந்தவுடன் கம்பியை அவிழ்த்துப் போடச் சொல்வது எளிது. ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்தமானுக்கான வழக்கமான தொடர்புகள் அறுந்த நிலையில், போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலியாளர்களே செய்திகளைக் கடத்தினர். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய ஏற்காட்டில், மண் சரிந்து பாதை அடைபட்டு மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் நின்றுபோகும் நாளில் அந்தக் கம்பியின் மதிப்பு வேறு.

இடையூறு நேரும் வழிகள்

தவறு எப்போதும் அலைபரப்பியின்மேல் என்று நினைப்பது பொதுவான பிழை. மூன்று வழிகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, அலைபரப்பி தனக்குரிய அலைவெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அலைவெண்களிலும் (கிளையலைகள்) ஆற்றலைக் கசியவிடுவது. இது வானொலியாளர் திருத்த வேண்டிய குறை. இரண்டாவது, அலைபரப்பி தூய்மையாக இருந்தும், அருகிலுள்ள ஏற்பி வலிய அலையைத் தாங்க மாட்டாமல் திணறுவது. மூன்றாவது, வானொலியோடு தொடர்பே இல்லாத கருவி ஒன்று தன் கம்பிகள் வழியே அலையை உள்வாங்கிக்கொள்வது. ஒலிபெருக்கியில் உள்ள டிரான்சிஸ்டர் சந்தி அந்த அலையைத் திருத்தி ஒலியாக்கிவிடும். ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சாக இருந்தால் வாத்து கத்துவது போலக் கேட்கும், சொல் புரியாது. மோர்சு குறியீடு என்றால் டொக் டொக் என்ற ஓசை வரும். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் மைக் செட்டின் நீண்ட கம்பிகள் இதற்கு நல்ல இரை.

7 மெகாஹெர்ட்சு பட்டையின் அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டர். அதில் கால் பங்கான 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஸ்பீக்கர் கம்பியோ மின்கம்பியோ வீட்டுக்குள் ஓடினால், அது யாரும் கேளாமலேயே நல்லதோர் அலைவாங்கியாக ஆகிவிடுகிறது.

அளவைக் கணக்கிட்டும் பார்க்கலாம். சாதாரண இருமுனை அலைவாங்கியிலிருந்து வரும் மின்புலம், வாட்டின் வர்க்கமூலத்தை 7 ஆல் பெருக்கித் தொலைவால் வகுத்தால் கிடைக்கும். 100 வாட்டு, 10 மீட்டர் தொலைவு என்றால் மீட்டருக்கு 7 வோல்ட்டு. 30 மீட்டரில் அது சுமார் 2.3 வோல்ட்டாகக் குறையும். மிக அருகில் இக்கணக்கு தோராயமானதே. வீட்டு மின்னணுக் கருவிகளின் தாங்குதிறனைச் சோதிக்கும் வழக்கமான மட்டம் 3 வோல்ட்டு என்பதை இதனோடு ஒப்பிட்டால், பக்கத்து வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

பழைய தொலைக்காட்சியும் 21 மெகாஹெர்ட்சும்

தூர்தர்சனின் ஒப்புமை ஒளிபரப்பு வீட்டுக்கூரைக் கம்பிகளில் வாங்கப்பட்ட காலத்தில் இச்சிக்கல் மிகக் கடுமையாக இருந்தது. அன்றைய நான்காம் அலைவரிசை 61 முதல் 68 மெகாஹெர்ட்சு வரையிலானது; அதன் படச் சுமப்பலை 62.25. அமெச்சூர்களின் 21 மெகாஹெர்ட்சு பட்டையின் மும்மடங்கு 63 இல் தொடங்குவதால், கிளையலை நேராகப் படத்தின்மேலேயே விழுந்து திரையில் கோடுகளை வரைந்தது. 28 மெகாஹெர்ட்சின் இரு மடங்கு மூன்றாம் அலைவரிசைக்குள் (54–61) விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்தின் நடுவே கோடு விழுந்தால் தெருவே கூடிவிடும். அலைபரப்பியின் வெளிவாயில் 30 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்டதைத் தடுக்கும் தாழ்கடத்து வடிப்பியும், தொலைக்காட்சியின் முகப்பில் உயர்கடத்து வடிப்பியும் இதற்கான தீர்வாக இருந்தன. இன்று கேபிளும் டிடிஎச்சும் வந்துவிட்டதால் அந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. எனினும் கேபிள் வலையமைப்பு 144–146 மெகாஹெர்ட்சையும் உள்ளடக்கிய பகுதியைப் பயன்படுத்துவதால், உறை பிய்ந்த கம்பியோ தளர்ந்த இணைப்போ இருக்குமிடத்தில் இரு மீட்டர் பட்டை உள்ளே நுழையும்.

மலைச்சரிவின் சிக்கல்

சமவெளியில் 10 மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி எல்லா வீடுகளுக்கும் மேலே நிற்கும். மலைச்சரிவில் அப்படியல்ல. கீழ்வீட்டின் 10 மீட்டர் உயரக் கம்பி, மேல்வீட்டின் கூடத்துச் சன்னலுக்கு நேரெதிரே வந்துவிடலாம். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் கம்பி கட்ட மிக வசதியானவை. ஆனால் எந்த மரம் என்று தேர்ந்தெடுக்கும்போது தன் வீட்டிலிருந்து அளக்கும் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேட்டிலிருக்கும் வீட்டின் மட்டத்தையும் பார்க்க வேண்டும்.

நிலத்தொடுப்பு இன்னொரு தொல்லை. சேர்வராயன் மலை சார்னோக்கைட்டு என்னும் கடினப் பாறையாலானது. மண்ணடுக்கு மெலிந்த இடத்தில் எர்த் கம்பி ஆழமாக இறங்காது. அலைவாங்கியின் சமனிலை சரியில்லாதபோது, மீளும் மின்னோட்டம் நிலத்துக்குப் போக வழியின்றி வீட்டு மின்கம்பிகளின் வழியே ஓடும். அதே கம்பிகள்தான் அடுத்த வீட்டுக்கும் போகின்றன. ஒருமுனை ஊட்டும் நீள்கம்பி அலைவாங்கிகள் இந்த வகையில் மிக மோசமானவை.

கண்டறிதல்

வானொலியாளர் முதலில் தன் வீட்டைச் சோதிக்க வேண்டும். சொந்த வீட்டுத் தொலைக்காட்சி அதே அறையில் தூய்மையாக ஓடுமானால், அண்டை வீட்டாரிடம் பேசும்போது அதுவே பாதி வாதம். பிறகு இருவரும் கைப்பேசியில் பேசியபடி, குறித்த நேரத்தில் அலைபரப்பை இட்டும் நிறுத்தியும் பார்க்கலாம். பதிவேட்டில் இல்லாத நேரத்திலும் தடுமாற்றம் நிகழ்ந்தால் காரணம் வேறு. ஆற்றலை 100 வாட்டிலிருந்து 10 வாட்டுக்குக் குறைத்ததும் தொல்லை மறைந்தால் அது பெரும்பாலும் தாங்குதிறன் சிக்கல். அடுத்து, பாதிக்கப்பட்ட கருவியின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்தக் கம்பியைக் கழற்றியதும் ஓசை நிற்கிறதோ அதுவே நுழைவாயில்.

அண்டை வீட்டாரின் கருவியை வானொலியாளர் தாமே திறந்து பழுதுபார்ப்பது நல்லதல்ல. ஆறு மாதம் கழித்து வேறு காரணத்தால் அது கெட்டாலும் பழி அவர்மேல்தான் விழும்.

சரிசெய்தல்

இன்றைய தீர்வுகளில் தலையாயது பெரைட்டு வளையம். கம்பியை இதன்மேல் சுற்றினால் தேவையான சைகை தடையின்றிச் செல்லும். கம்பியின் புறத்தே ஓடும் அலை மட்டும் தடைபடும். தடையின் அளவு சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும்: ஐந்து சுற்றுக்கு ஒரு சுற்றைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு. ஆகவே கம்பியின்மேல் வெறுமனே கவ்வவைக்கும் சிறு உருளை 7 மெகாஹெர்ட்சில் அதிகம் உதவாது. அதை வாங்கி மாட்டிவிட்டு "பெரைட்டு பயனில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் பலர். பெரிய வளையத்தில் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் இவை கிடைக்கும். இடையூறு ஒடுக்கத்துக்கான கலவையால் ஆனதா என்று கேட்டு வாங்குவது அவசியம்.

வானொலியாளர் தரப்பில், அலைவாங்கி ஊட்டுமிடத்தில் ஓரச்சுக் கம்பியைப் பல சுற்றுச் சுற்றி அமைக்கும் தடுப்புச் சுருள் பெரும்பாலான கசிவை நிறுத்தும். அலைவாங்கியைத் திசை திருப்புவதும் சில மீட்டர் நகர்த்துவதும் செலவில்லாத வழிகள்.

எதிர்த்திசை இரைச்சல்

மலிவான எல்இடி விளக்குகள், கைப்பேசி மின்னூட்டிகள், இன்வர்ட்டர், சூரிய மின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை சிற்றலை முழுவதும் இரைச்சலைப் பரப்பும். இத்தகைய உமிழ்வுக்கு வரம்பு வகுக்கும் சிஸ்பர் என்ற பன்னாட்டுக் குழு 1934 முதல் இயங்குகிறது. வடிப்பி உறுப்புகளை விட்டுவிட்டுத் தயாரித்த கருவிகள் அந்த வரம்பைப் பொருட்படுத்துவதில்லை. மூலத்தைத் தேட மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் வானொலி போதும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்ததும் இரைச்சல் நின்றால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மின்வெட்டு நேரமும் இந்தச் சோதனைக்கு ஏற்றது; ஊரே அடங்கிய அந்தச் சில நிமிடங்களில் ஏற்பியின் உண்மையான அமைதி தெரியும்.

காட்டுமாடுகளைத் தடுக்க அமைக்கும் சூரிய மின்வேலி, மலைத் தோட்டங்களுக்கே உரிய மூலம். இது சுமார் நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். வேலி சீராக இருந்தால் ஓசை மெல்லியது. மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலோ காப்புப் பீங்கான் விரிசல் விட்டாலோ ஒவ்வொரு துடிப்புக்கும் தீப்பொறி பறந்து, ஏற்பியில் கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். பொறி பறக்கும் இடத்தில் வேலியின் வலிமையும் வீணாகிறது. ஆதலால் கையடக்க வானொலியோடு வேலியோரம் நடந்து அந்த இடத்தைக் காட்டிக் கொடுக்கும் வானொலியாளரைத் தோட்டக்காரர் விரட்டுவதில்லை. புல்லை வெட்டினால் மாடும் நுழையாது, ஓசையும் நிற்கும்.