தனியாளாய் அலமாரி மாட்டுவோம்

சமையலறைச் சுவரில் அலமாரி மாட்ட இருவர் வேண்டும் என்பர். ஒருவர் பிடிக்க, மற்றவர் திருகாணியை முடுக்க. பிடிக்க ஆளில்லாத வீட்டில் அந்த வேலையை ஒரு ரீப்பர் கட்டையிடம் ஒப்படைக்கலாம்.

முதலில் மட்டம். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் குமிழியின்றி நீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரில் ஆணியில் கட்டி, மறுமுனையைத் தள்ளிப் பிடித்தால் இருபுறமும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். வகுப்பில் படித்த பாடமே இது! அதைக்கொண்டு, மேடைக்கு மேல் சுமார் 45 செ.மீ. உயரத்தில் கோடிட்டு, ரீப்பரின் மேல்விளிம்பு அதில் பொருந்துமாறு இறுக்க வேண்டும். சுவிட்சுக்கு நேர்மேலே துளையிடலாகாது. உள்ளே மின்கம்பி செல்லக்கூடும்.

கூரம் போன்ற ஊர்களில் பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு உதிரும் இயல்புடையது. எனவே துளையும் பிளக்கும் பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் செல்ல வேண்டும்.

பின்னர் அலமாரியின் கதவுகளையும் தட்டுகளையும் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, மேடையில் அடுக்கிய மணைகள்மீது ஏற்றி, அங்கிருந்து ரீப்பர்மேல் நகர்த்துக. ரீப்பர் சுமையைத் தாங்கும். ஆனால் அலமாரி முன்னே சாயும். ஒரு கையால் அழுத்திக்கொண்டு மேல் திருகாணிகளையே முதலில் முடுக்குக. எல்லாம் இறுகிய பின்பே ரீப்பரை எடுக்கலாம்.

அவசரம் வேண்டாம், தோழியரே! அரிசியும் பருப்பும் நிறைந்த அந்த அலமாரியின் கீழேதான் நம் அம்மா தினமும் நிற்கிறார்.